ஸ்லைடு ஃபிலிம் ஏன் இவ்வளவு விலை? வாங்கினால் வீணாக்காமல் எடுப்பது எப்படி?

கழுவி வந்த கலர் நெகட்டிவை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் ஆரஞ்சுப் பட்டையில் பேய் முகங்கள்தான் தெரியும். முடி வெளுத்திருக்கும், பல் கறுத்திருக்கும். ஸ்லைடு ஃபிலிமை அதே ஜன்னலில் பிடித்தால் படமே தெரியும். இலை பச்சையாக, வானம் நீலமாக, 24-க்கு 36 மி.மீ. அளவில் ஒரு குட்டிக் கண்ணாடிச் சித்திரம் போல. அது நகல் இல்லை, பிரிண்டும் இல்லை. ஷட்டர் திறந்தபோது லென்ஸுக்குப் பின்னால் இருந்த அதே துண்டு.

இதற்கு ஸ்லைடு, டிரான்ஸ்பரன்சி, ரிவர்சல் எனப் பல பெயர்கள். டப்பாவில் இருக்கும் பெயரே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். 'குரோம்' என்று முடிந்தால் ஸ்லைடு, 'கலர்' என்று முடிந்தால் நெகட்டிவ். கோடாக்ரோம், எக்டாக்ரோம், ஃபியூஜிக்ரோம் ஒரு பக்கம். கோடாகலர், ஃபியூஜிகலர் இன்னொரு பக்கம். தியேட்டர் இடைவேளையில் ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு 'ஸ்லைடு போட்ட' காலம் பலருக்கு நினைவிருக்கும். ஒளியை ஊடுருவவிட்டுத் திரையில் பெரிதாக்கும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். பத்திரிகை அட்டைக்கும் காலண்டருக்கும் அச்சகத்தார் டிரான்ஸ்பரன்சி கேட்டதற்குக் காரணம் வேறு. நெகட்டிவில் சரியான நிறம் எது என்பதைப் பிரிண்ட் போடுகிறவர் முடிவு செய்ய வேண்டும். ஸ்லைடில் நிறம் கண்முன்னே இருக்கிறது, வாதத்துக்கு இடமில்லை.

இந்தக் குணம்தான் ஸ்லைடின் அழகு, செலவும் இதிலிருந்தே வருகிறது. நெகட்டிவில் செய்த தவறைப் பிரிண்ட் போடும்போதோ ஸ்கேன் செய்யும்போதோ சரிசெய்துகொள்ளலாம். ஸ்லைடில் அப்படி ஓர் இரண்டாம் வாய்ப்பு கிடையாது.

உள்ளே நடப்பது என்ன

எந்தக் கலர் ஃபிலிமிலும் நீலம், பச்சை, சிவப்பு ஆகிய ஒளிகளை உணரும் வெள்ளி உப்பு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசப்பட்டிருக்கும். வெளிச்சம் பட்ட உப்பை டெவலப்பர் கறுப்பு வெள்ளியாக மாற்றும். நெகட்டிவில் அந்த இடத்திலேயே சாயமும் உருவாவதால்தான் வெளிச்சம் பட்ட இடம் இருண்டுபோகிறது.

ஸ்லைடில் இதைத் தலைகீழாக்குகிறார்கள். முதல் டெவலப்பர் வெறும் கறுப்பு-வெள்ளை டெவலப்பர். வெளிச்சம் பட்ட உப்பை மட்டும் அது வெள்ளியாக்கிவிட்டு நின்றுவிடும். மிச்சம் இருப்பது வெளிச்சம் படாத உப்பு. வெளிச்சம் குறைந்த இடத்தில் இந்த மிச்சம் அதிகம், வெளிச்சம் மிகுந்த இடத்தில் குறைவு. அடுத்து வரும் ரிவர்சல் பாத் என்ற கரைசல், 'உன்மேலும் வெளிச்சம் பட்டுவிட்டது' என்று அந்த மிச்ச உப்பை ரசாயனத்தாலேயே நம்பவைக்கிறது. பிறகு கலர் டெவலப்பர் அதை வெள்ளியாக்கும்போது பக்கத்திலேயே மஞ்சள், மஜெந்தா, சியான் சாயங்கள் உருவாகின்றன. கடைசியில் ப்ளீச்சும் ஃபிக்ஸரும் வெள்ளி முழுவதையும் கரைத்து வெளியேற்றிவிடும். சாயம் மட்டும் மிஞ்சும்.

இதில் தொடங்குவோர் மனத்தில் பதிக்க வேண்டியது ஒன்று. ஸ்லைடில் வெளிச்சமே படாத இடம் கன்னங்கரேல் என்று இருக்கும். அளவுக்கு மீறி வெளிச்சம் பட்ட இடம் வெறும் பிளாஸ்டிக்காக வெளுத்துப்போகும். அந்த வெறும் பிளாஸ்டிக்கில் எந்தத் தகவலும் இல்லை. ஆயிரம் மென்பொருள் வைத்திருந்தாலும் அங்கிருந்து எதையும் மீட்க முடியாது.

இன்று விற்கும் கலர் ஸ்லைடு எல்லாவற்றையும் கழுவும் முறைக்குப் பெயர் இ-6. 1970களின் நடுவில் வந்தது. பழைய கோடாக்ரோம் மட்டும் வேறு சாதி. அதில் சாயத்தின் மூலப்பொருள் ஃபிலிமுக்குள் கிடையாது, கழுவும் ரசாயனத்தில்தான் இருந்தது. அதனால் பெரிய லேப் தவிர வேறு எங்கும் கழுவ முடியாது. 1935-ல் வந்த அந்த ஃபிலிமை 2009-ல் கோடாக் நிறுத்தியது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்ற ஊரில் இருந்த டுவைன்ஸ் ஃபோட்டோ என்ற கடைசி லேப் 2010 டிசம்பர் 30 வரை ரோல்களை வாங்கிக்கொண்டது. வீட்டுப் பரணில் கழுவாத கோடாக்ரோம் ரோல் கிடைத்தால் இனி அதைக் கலரில் கழுவ வழியில்லை. கறுப்பு-வெள்ளையாகக் கழுவலாம், அவ்வளவுதான்.

போனதும் வந்ததும்

உலக ஃபிலிம் விற்பனையின் உச்சம் 2000-ஐ ஒட்டி என்றும், அடுத்த பத்தாண்டில் அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தது என்றும் ஃபியூஜிஃபிலிமே சொல்லியிருக்கிறது. முதலில் அடிபட்டது ஸ்லைடு. ஏனென்றால் அதன் முதல் வாடிக்கையாளர்கள் பத்திரிகைகளும் விளம்பர நிறுவனங்களும்தான்; டிஜிட்டலுக்கு முதலில் தாவியவர்களும் அவர்களே. 2012 ஜனவரியில் ஈஸ்ட்மன் கோடாக் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. அதே ஆண்டு மார்ச்சில் எக்டாக்ரோம் ஸ்லைடுகளை நிறுத்துவதாக அறிவித்தது. அதன் பிறகு சில ஆண்டுகள் புதிய கலர் ஸ்லைடு என்றால் நடைமுறையில் ஃபியூஜி ஒன்றுதான்.

2017 ஜனவரியில் லாஸ் வேகஸ் மின்னணுக் கண்காட்சியில் எக்டாக்ரோம் திரும்பி வரும் என்று கோடாக் அறிவித்தபோது நம்பியவர்கள் குறைவு. 2018 செப்டம்பரில் 35 மி.மீ. எக்டாக்ரோம் இ100 கடைக்கு வந்தது. அதைவிட அகலமான 120 ரோலும், தனித்தனித் தாளாக வரும் ஷீட் ஃபிலிமும் வர 2019 டிசம்பர் ஆனது. அறிவிப்புக்கும் விற்பனைக்கும் நடுவே ஒன்றரை ஆண்டுக்கு மேல் போனதற்குக் காரணம், நிறுத்திய ஃபிலிமைத் திரும்பத் தொடங்குவது மூடிய கடையின் ஷட்டரைத் தூக்குவது போன்றதல்ல. பழைய சமையல் குறிப்பு கையில் இருக்கும், அதில் சொன்ன சரக்கு சந்தையில் இருக்காது. சில ரசாயனங்களின் உற்பத்தியே நின்றுபோயிருக்கும், சிலவற்றைச் சட்டம் தடுத்திருக்கும். மாற்றுப் பொருளைப் போட்டால் வேறொரு அடுக்கின் நிறம் நகரும், அதைச் சரிசெய்தால் இன்னொன்று நகரும்.

இத்தாலியில் ஃபிலிம் ஃபெர்ரானியா 2014-ல் மக்களிடம் பணம் திரட்டியதே கலர் ரிவர்சல் ஃபிலிம் செய்வதாகச் சொல்லித்தான். 2017-ல் அவர்களால் முதலில் கொடுக்க முடிந்தது பி30 என்ற கறுப்பு-வெள்ளை ஃபிலிம். கலர் ஸ்லைடு எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டாம்.

ஃபியூஜியும் சிரமம் இல்லாமல் ஓடவில்லை. மூலப்பொருள் கிடைக்காமல் 2005-ல் வெல்வியா என்ற தன் ஸ்லைடு ஃபிலிமை நிறுத்துவதாகச் சொல்லி, மாற்றுப் பொருள்களோடு 2007-ல் வெல்வியா 50 என்று திரும்பக் கொண்டுவந்தது. 2021-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை ஒரு ஃபாஸ்பேட் ரசாயனத்தைக் கட்டுப்படுத்தியபோது, அதன் மிகச் சிறு அளவு அடுக்குகளில் இருந்ததற்காகவே வெல்வியா 100 அமெரிக்கச் சந்தையிலிருந்து விலகியது. ஒரே ஒரு பொருள், ஒரு நாட்டுச் சட்டம், ஒரு ஃபிலிம் காலி.

விலை எங்கே ஏறுகிறது

'வெள்ளி விலை ஏறிவிட்டது, அதனால் ஃபிலிம் விலை ஏறிவிட்டது' என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. வெள்ளி 2018-ல் அவுன்ஸ் 15 டாலரை ஒட்டி இருந்தது. 2025 அக்டோபரில் 50 டாலரைத் தாண்டியது. ஆனால் 36 படம் எடுக்கும் ஒரு ரோலில் இருக்கும் வெள்ளி ஒரு கிராமைக்கூடத் தொடாது. அவுன்ஸ் என்பது 31 கிராம். அவுன்ஸ் 30 டாலராக இருந்தால் கிராம் ஒரு டாலர். ஒரு ரோலின் விலையில் வெள்ளியால் மட்டும் பத்து டாலர் ஏற முடியாது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

பெரிய காரணம் பூச்சு எந்திரம். ஒரு மீட்டருக்கும் அதிக அகலமுள்ள பிளாஸ்டிக் தாளை ஆயிரக்கணக்கான மீட்டர் நீளத்துக்கு இருட்டில் ஓடவிட்டு, பத்துக்கும் மேற்பட்ட அடுக்குகளை மைக்ரான் கணக்கில் பூசும் ஆலை அது. கோடாக்கின் ஆலை நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் இருக்கிறது. இப்படிப்பட்ட எந்திரத்தைக் கொஞ்சமாக ஓட்ட முடியாது. ஒருமுறை ஓட்டினாலே மலைபோல் ஃபிலிம் வரும், அது விற்கும் வரை குளிரில் வைத்திருக்க வேண்டும், அதற்குள் காலாவதித் தேதியும் துரத்தும். விற்பனை பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்பதற்காக எந்திரத்தின் மின்செலவோ ஆட்களின் சம்பளமோ பத்தில் ஒரு பங்காகாது.

இன்னொன்று, போட்டி இல்லை. புதிதாகப் பூசப்படும் கலர் ஸ்லைடு என்றால் கோடாக்கின் இ100, ஃபியூஜியின் ப்ரோவியா 100எஃப், வெல்வியா இவற்றோடு கிட்டத்தட்ட முடிந்தது. ஃபியூஜி 2019 ஏப்ரலில் ஃபிலிம் விலையைக் குறைந்தது 30 விழுக்காடு ஏற்றியது, பிறகும் ஏற்றியது. இ100 வந்த புதிதில் அமெரிக்காவில் 36 படம் உள்ள ரோல் 13 டாலரை ஒட்டி இருந்தது. இப்போது 20 டாலரைத் தாண்டிவிட்டது. ஜப்பானில் தயாராகும் வெல்வியா அதற்கும் மேலே, அதுவும் கடையில் இருந்தால்.

ஆறுதலான செய்தியும் உண்டு. எக்டாக்ரோமைச் சினிமாவுக்கும் பூசுகிறார்கள். ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் பல காட்சிகள் 35 மி.மீ. எக்டாக்ரோமில் எடுக்கப்பட்டன. அந்தச் சினிமா ரோலை வாங்கி, 35 மி.மீ. டப்பாவில் சுற்றி விற்கும் சிறு கடைகள் பல நாடுகளில் உண்டு. அதில் ஓரளவு மிச்சமாகும். சினிமா நெகட்டிவின் முதுகில் நெடுங்காலம் இருந்துவந்த கறுப்புக் கரிப்பூச்சு எக்டாக்ரோமில் இல்லை. அதனால் சாதாரண இ-6-லேயே கழுவலாம். சுற்றியவர் கை சுத்தமாக இருந்ததா என்பது மட்டும் அதிர்ஷ்டம். கீறலும் தூசியும் அங்கிருந்துதான் வரும்.

ரோல் விலையை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள். கணக்குக்காக ரோல் 25 டாலர், கழுவ 15, ஸ்கேன் 10 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 50. முப்பத்தாறால் வகுத்தால் படம் ஒன்று 1.39 டாலர். அதில் 12 படம்தான் தேறியது என்றால் தேறிய படம் ஒன்றுக்கு 4.17 டாலர். விலையேற்றத்தை நம்மால் நிறுத்த முடியாது. 12-ஐ 24 ஆக்க முடியும். அதற்கு எக்ஸ்போஷர், அதாவது ஃபிலிமுக்குச் சரியான அளவு வெளிச்சம் கொடுப்பது, கைவர வேண்டும்.

எக்ஸ்போஷர்: எல்லாம் இங்கேதான்

ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது. கலர் நெகட்டிவில் இரண்டு ஸ்டாப் அதிகம் கொடுத்தாலும் பிரிண்ட் நன்றாகவே வரும். ஸ்லைடில் அரை ஸ்டாப் தவறினாலே கண்ணுக்குத் தெரியும், ஒரு ஸ்டாப் அதிகமானால் படம் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். காட்சியில் மிகப் பிரகாசமான இடத்துக்கும் மிக இருண்ட இடத்துக்கும் நடுவே வெல்வியா தாங்குவது சுமார் ஐந்து ஸ்டாப், ப்ரோவியாவும் இ100-ம் கொஞ்சம் கூட. நண்பகலில் சுண்ணாம்புச் சுவரையும் அதன் பக்கத்து மரநிழலையும் ஒரே படத்தில் பிடிக்க முயன்றால் அந்த எல்லை தாண்டிவிடும். சுவரைக் காப்பாற்றினால் நிழல் கரியாகும், நிழலைக் காப்பாற்றினால் சுவர் காணாமல் போகும்.

ஆகவே முதல் விதி: பிரகாசமான இடத்துக்கு அளவெடுங்கள், நிழல் எப்படியோ போகட்டும். நெகட்டிவ் பழகியவர்கள் இதற்கு நேர் எதிராகச் செய்து பழகியிருப்பார்கள். 'கொஞ்சம் கூடவே கொடு, நல்லது' என்ற பழக்கம் ஸ்லைடில் ரோலையே கொன்றுவிடும். ஃபிலிமின் ஒளியுணர்வு எண்ணான ஐஎஸ்ஓ 100 என்று டப்பாவில் இருந்தால் வெளிச்சம் அளக்கும் மீட்டரிலும் 100.

கேமரா மீட்டர் தான் பார்க்கும் எதையும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொள்ளும். வெள்ளை வேட்டியைக் காட்டினால் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். கறுப்புக் குடையைக் காட்டினாலும் அப்படியே. காட்சியில் ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டர் இருந்தால், நெசவு தெரிய வேண்டிய மிக வெளுப்பான இடத்தை அளந்து அதைவிட ஒன்றரை ஸ்டாப் கூடுதலாகக் கொடுங்கள். ப்ரோவியாவிலும் இ100-லும் இரண்டு வரை போகலாம். ஸ்பாட் இல்லையென்றால் உள்ளங்கை இருக்கிறது. படமெடுக்கும் பொருள்மேல் விழும் அதே வெளிச்சத்தில் உள்ளங்கையைப் பிடித்து அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டினால் போதும். எல்லாவற்றையும்விட நம்பகமானது வெள்ளைக் குமிழ் வைத்த கைமீட்டர். பொருளின் நிறத்தை அது பார்ப்பதில்லை, அதன்மேல் விழும் ஒளியை மட்டும் அளக்கிறது.

மீட்டரைச் சோதிக்க ஒரு பழைய கணக்கு உண்டு. மேகமில்லாத வெயிலில் ஐஎஸ்ஓ 100-க்கு ஷட்டர் 1/125 விநாடி, லென்ஸ் துளை எஃப்/16. மீட்டர் இதிலிருந்து ஒரு ஸ்டாப்புக்கு மேல் விலகினால் ஸ்லைடு போடுவதற்கு முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். 1960, 70களின் கேமராக்களில் வழக்கமான காரணம் பேட்டரி. அவை 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. இன்று அதே அளவில் கிடைப்பது 1.5 வோல்ட். மின்னழுத்தம் கூடினால் வெளிச்சம் கூடுதல் என்று பல மீட்டர்கள் தப்பாகக் காட்டும், படம் இருண்டு வரும். காது கேட்கும் கருவிக்கான 675 எண் ஜிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்ட் தரும். ஒரு வளையம் வைத்து அதைப் பொருத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும், இரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும் என்பதுதான் குறை.

பழைய ஷட்டர்களும் பொய் சொல்லும். 1/1000 என்று எழுதியிருக்கும், உண்மையில் 1/600-தான் ஓடும். நெகட்டிவில் யாருக்கும் தெரியாமல் இத்தனை நாள் ஓடியிருக்கும், ஸ்லைடு அதைப் போட்டுடைக்கும். சோதிக்காத கேமராவில் 1/60-லிருந்து 1/250-க்குள் இருந்துகொள்வது நல்லது.

திரும்பக் கிடைக்காத காட்சி என்றால் மூன்று படம் எடுங்கள்: அளந்தது ஒன்று, அரை ஸ்டாப் குறைத்து ஒன்று, அரை கூட்டி ஒன்று. 36 படம் 12 காட்சியாகிவிடும் என்று மனம் அடித்துக்கொள்ளும். முதல் இரண்டு ரோலுக்கு மட்டும் இப்படிச் செய்து, ஒவ்வொன்றுக்கும் அளவைக் குறித்துவைத்தால் மூன்றாவது ரோலில் தேவைப்படாது. குறித்துவைக்காமல் எடுத்த மூன்று படங்களால் பயன் இல்லை.

நிறம் பற்றியும் கொஞ்சம். இந்த ஃபிலிம்கள் பகல் வெளிச்சத்துக்கு, சுமார் 5500 கெல்வின் நிற வெப்பநிலைக்கு, செய்யப்பட்டவை. குண்டு பல்பு வெளிச்சத்தில் எல்லாம் ஆரஞ்சாக வரும். 80ஏ என்ற நீல ஃபில்டர் போட்டால் சரியாகும், இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும். நிழலில் எடுத்தால் நீலம் ஏறும். 81ஏ என்ற லேசான மஞ்சள்பழுப்பு ஃபில்டர் அதை அடக்கும். வெல்வியாவில் முகம் எடுக்காதீர்கள். பச்சைக்கும் சிவப்புக்கும் வெறி ஏற்றிவிடும் ஃபிலிம் அது. மலைக்கும் வயலுக்கும் அழகு, முகத்தை வெந்தது போலக் காட்டும். மனிதர்களுக்கு ப்ரோவியா அல்லது இ100.

ட்ரைபாட் வைத்து நீண்ட நேரம் திறப்பவர்களுக்கு: ப்ரோவியா 128 விநாடி வரை எந்தத் திருத்தமும் கேட்காது, இ100 பத்து விநாடி வரை கேட்காது. வெல்வியா 50 நான்கு விநாடியிலேயே மூன்றில் ஒரு ஸ்டாப் கூடுதல் கேட்கும், கூடவே மஜெந்தா ஃபில்டரும். ஒரு நிமிடத்துக்கு மேல் அதைத் திறக்க வேண்டாம் என்று ஃபியூஜியே சொல்கிறது.

கழுவுதல்

லேப்பில் முதலில் கேட்க வேண்டியது, 'இ-6 கழுவுகிறீர்களா?' என்பது. 'கலர் கழுவுவோம்' என்பது பதில் இல்லை. கலர் நெகட்டிவ் முறையான சி-41-ல் ஸ்லைடைப் போட்டால் அது கடுமையான, தாறுமாறான நிறங்களுடைய நெகட்டிவாகிவிடும். சிலர் அதை வேண்டுமென்றே செய்வதுண்டு. தவறுதலாக நடந்தால் திரும்ப வழியில்லை. ரோல் மேலேயே பெரிதாக 'இ-6' என்று எழுதி ஒட்டுங்கள்.

அடுத்து, வாரத்துக்கு எத்தனை ரோல் கழுவுகிறார்கள் என்று விசாரியுங்கள். ரசாயனம் ஓடிக்கொண்டே இருந்தால்தான் நிலையாக இருக்கும். பத்து நாளைக்கு ஒரு ரோல் வரும் தொட்டியில் டெவலப்பர் காற்றுப்பட்டுச் சோர்ந்துபோகும். அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கும் செலவும் நம் தலையில்தான் விழும். கழுவும் கூலி ஏறுவதும், பல லேப்கள் ரோல் சேரும் வரை வாரக்கணக்கில் காத்திருப்பதும் இதனால்தான். நல்ல லேப்பில் சோதனைப் பட்டை ஓட்டி அடர்த்தியை அளப்பார்கள். அது என்ன என்று கேட்டால் விழிக்கிற லேப்பில் வேண்டாம்.

முழு இ-6-ல் ரசாயனம் ஏழு: முதல் டெவலப்பர் 6 நிமிடம், தண்ணீர் 2, ரிவர்சல் பாத் 2, கலர் டெவலப்பர் 6, ப்ரீ-ப்ளீச் 2, ப்ளீச் 6, ஃபிக்ஸர் 4, தண்ணீர் 4, கடைசி அலசல் 1. வீட்டுக்கான மூன்று பாட்டில் பெட்டிகளில் ரிவர்சல் வேலையைக் கலர் டெவலப்பருக்குள்ளேயே சேர்த்து, ப்ளீச்சையும் ஃபிக்ஸரையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். நேரம் ஒவ்வொரு பெட்டிக்கும் வேறுபடும், கூட வரும் தாளைப் பாருங்கள்.

இதில் உயிர்நாடி முதல் டெவலப்பர். 38 டிகிரி செல்சியஸ், 0.3 டிகிரிக்கு மேல் அசையக் கூடாது. சூடு கூடினாலும் நேரம் கூடினாலும் படம் வெளுக்கும், குறைந்தால் இருளும். மற்ற தொட்டிகள் ஓரளவு பொறுத்துப்போகும். வெந்நீர்த் தொட்டியில் சூடு காக்கும் சமையல் கருவி ஒன்றைப் போட்டு, பாட்டில்களையும் டேங்கையும் கழுத்தளவு அதில் நிறுத்திவிட்டால் வேலை சுலபம். பாட்டில் மூடிகளை மாற்றிப்போடாதீர்கள். ஃபிக்ஸர் கலந்த கரைசல் சில துளிகள் முதல் டெவலப்பருக்குள் போனாலே வெள்ளி உப்பைக் கரைக்கத் தொடங்கிவிடும். நிழல்கள் கறுக்காமல் வெளிறிப்போகும்.

ஐஎஸ்ஓ 100 ரோல் முழுவதையும் தவறுதலாக 200 என்று வைத்து எடுத்துவிட்டீர்களா? பயம் வேண்டாம். லேப்பில் 'ஒரு ஸ்டாப் புஷ்' என்று சொல்லுங்கள். முதல் டெவலப்பரை 6 நிமிடத்துக்குப் பதில் 8 நிமிடம் வைப்பார்கள். கொஞ்சம் முரட்டுத்தனம் வரும், படம் தேறும். இது முழு ரோலுக்கும்தான்; ஒரு படத்துக்கு மட்டும் முடியாது. எதிர்த்திசையில், அதிகம் வெளிச்சம் வாங்கிய ரோலைக் குறைத்துக் கழுவலாம் என்றாலும் பலன் அத்தனை நன்றாக வராது.

ரோல் கெட்டு வந்தால் குற்றவாளியைக் கண்டுபிடிக்க ஓரத்து எழுத்தைப் பாருங்கள். ஃபிலிம் பெயரும் எண்களும் ஆலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டவை. படங்கள் எல்லாம் கறுப்பு, ஓரத்து எழுத்து பளிச்சென்று இருக்கிறது என்றால் கழுவியவர் மேல் தவறில்லை. கேமராவில் ஃபிலிம் நகரவே இல்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. எழுத்தும் சேர்ந்து கறுத்திருந்தால் முதல் டெவலப்பர் செத்துப்போயிருக்கிறது. ஃபிலிம் முழுவதும் கண்ணாடியாக, எழுத்தே இல்லாமல் வெளுத்திருந்தால் வெளிச்சம் பட்டிருக்கிறது, அல்லது பாட்டில் வரிசை மாறி ஃபிக்ஸர் முன்னால் போயிருக்கிறது.

வாங்கி வைப்பதும் கழுவி வைப்பதும்

காலாவதியான நெகட்டிவில் கொஞ்சம் அதிக வெளிச்சம் கொடுத்துச் சமாளிக்கலாம். ஸ்லைடில் அந்த வித்தை பலிக்காது, கறுப்பு வெளிறி நிறம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். எங்கே வைத்திருந்தார்கள் என்று தெரியாத பழைய ரோலை மலிவு என்று வாங்க வேண்டாம். நம் ஊர் வெப்பத்துக்குப் புது ரோலை மூடிய டப்பாவோடு ஃப்ரீசரில் வைத்து, எடுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிட்டு, பிறகுதான் டப்பாவைத் திறக்க வேண்டும். குளிர்ந்த ஃபிலிமின் மேல் ஈரக்காற்று பட்டால் நீர்த்துளி படிந்து தடம் விழும். விமான நிலையங்களில் புதிதாக வைக்கும் சிடி ஸ்கேனருக்குள் கழுவாத ஃபிலிமை ஒருமுறைகூட விடக் கூடாது; கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஸ்கேன் செய்வதில் ஸ்லைடின் அடர்ந்த நிழல்தான் சோதனை. மலிவான ஸ்கேனர்கள் அங்கே புழுதியைத்தான் காட்டும். மேக்ரோ லென்ஸ் போட்ட டிஜிட்டல் கேமராவும் நல்ல நிறத் தரமுள்ள எல்இடி பலகையும் இருந்தால், நிழலுக்கு ஒன்றும் வெளிச்சத்துக்கு ஒன்றுமாக இரண்டு படம் எடுத்துச் சேர்க்கலாம். அகச்சிவப்பால் தூசியை நீக்கும் வசதியுள்ள ஸ்கேனர் இ-6 ஸ்லைடில் நன்றாக வேலை செய்யும்.

கணினியில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அதே செலவில் நெகட்டிவ் எடுத்தாலே போதும். ஸ்லைடின் சுகம் புரொஜக்டரில் இருக்கிறது. கோடாக் தன் கேரசல் புரொஜக்டரை 2004-ல் நிறுத்திவிட்டாலும், பழையவை இன்னும் ஓடுகின்றன. ஃபிலிமை வெட்டி 5 செ.மீ. சதுர பிளாஸ்டிக் சட்டத்தில் பொருத்த வேண்டும். ஒரே ஸ்லைடை நிமிடக்கணக்கில் நிறுத்தி வைத்தால் ஹாலஜன் விளக்கின் ஒளியில் சாயம் வெளுக்கும். பத்து, இருபது விநாடியில் நகர்த்திவிடுங்கள். மற்ற நேரத்தில் இருட்டில், சிலிக்கா ஜெல் பையோடு, காற்றுப்புகாத டப்பாவில் இருக்கட்டும். ஈரம் ஏறினால் பூஞ்சை முதலில் தின்பது ஜெலட்டினைத்தான்.

புரொஜக்டரின் தட்டில் அடுக்கும்போது எல்லாருக்கும் குழப்பம் வரும். ஸ்லைடைக் கையில் நேராகப் பிடித்து, படம் சரியாகத் தெரிகிற பக்கத்தில் சட்டத்தின் கீழ் இடது மூலையில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். திரையைப் பார்த்தபடி புரொஜக்டருக்குப் பின்னால் நின்று, ஸ்லைடைத் தலைகீழாக்கினால் புள்ளி மேல் வலது மூலைக்கு, உங்கள் வலது கட்டைவிரலுக்குக் கீழே வந்துவிடும். அப்படியே தட்டில் இறக்கிவிடலாம்.